பாகத்துக்கு வந்த குத்துவாள்

"...துரு எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி கீது பாருண்ணா, ஆசிட்ல ஊறவெச்சிக்கீறாங்க. பழைய கத்தின்னா கட்டைவிரல் படற எடத்துல பிடி தேஞ்சிருக்கும்," என்று கடைக்கு வந்தவரிடம் சொன்னார் என் நைனா.

திருப்பதியில் வாடகை வீட்டுக் குளியலறையை ஆசிட் ஊற்றிக் கழுவும்போதெல்லாம், பாகாலா ஸ்டேஷனை ஒட்டியிருந்து, இன்று தடமே இல்லாமல் போன எங்கள் பழம்பொருள் கடையும், வருகிற கத்தியையெல்லாம் ஆசிட் வாடை அடிக்கிறதா என்று முகர்ந்து முகர்ந்து அலுத்த நைனாவின் முகமும் எனக்கு நினைவுக்கு வந்துவிடுகின்றன. "போலின்னு சொன்னா கத்தி தாங்கும், கொண்டாந்தவன் மொகந்தான் தாங்காது" என்பார்.

அன்று கத்தியின் வயதைக் கேட்க வந்தவர் வரதய்யபாளையத்துக்காரர். பாகம் பிரித்தபோது கிணற்று நிலத்தை அண்ணனுக்கு விட்டுவிட்டு, வீட்டில் தலைமுறைகளாகக் கும்பிட்டுவந்த குத்துவாள் போதும் என்று வாங்கிக்கொண்டவர். கட்டைவிரலால் பிடியைத் தடவிப் பார்த்தார்.

"அப்போ நெசமானத அண்ணனே வெச்சிக்கினாரா? ஆயுத பூசைக்கு நான் இன்னாத்த வெச்சிக் கும்புடறது?"

நைனா, சாமி படத்தடியில் இருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து அந்தக் கத்தியின் முனையில் குத்தி, குங்குமம் வைத்து, கண்ணில் ஒற்றி, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினார்.