தங்கத் தகட்டில் தேங்காயெண்ணெய்

மாலதி அக்கா முடியை ஒதுக்கிய விரலாலேயே தங்கத் தகட்டைத் தொட்டார். இன்று நான் முதலில் கவனித்தது அதைத்தான்.

கஞ்சிக்கோட்டில், இரத்தச் சர்க்கரை அளக்கும் கருவி செய்கிற கம்பெனியில் குடுவை கழுவுகிறேன்; அக்கா அங்கே சோதனை செய்கிறவர். தங்கத்தின் மேல் குளுக்கோஸ் ஆக்சிஜனேற்றம் ஆனால் மின்சாரம் வரும். திரையில் கோடு ஏறும்.

இதற்கு முன் மூன்று முறை சோதித்தும் ஏறவில்லை.

"இன்னிக்கும் ஏறலீன்னா என் சோதனையவே நிறுத்திருவாங்க புள்ள," என்றார் அக்கா, அழாத குறையாக.

பத்தாவதோடு நின்றவள் சொல்லலாமா என்று தயங்கி, சொல்லியேவிட்டேன். "கோவிச்சுக்காதீங்கக்கா, உங்க வெரல்ல தேங்காயெண்ணெய் இருக்குதுங்க, அது தகட்டுல ஒட்டிக்குதுங்க."

முறைத்தார். ஆனாலும் தகட்டை ஸ்பிரிட்டிலும் தண்ணீரிலும் கழுவி மறுபடி கருவியில் வைத்தார்.

கோடு ஏறியது! மலை மாதிரி ஏறியது!

"இத்தன நாளா வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த? அடுத்தத நீயே வையி!"

நான் முதலில் என் எண்ணெய்த் தலையைத் துணியால் கட்டினேன்.