அந்த இதயத்தோடு ஓடியவன்

பிள்ளைகளே, எங்கள் நாய் செத்த அன்று நீங்கள் மூவரும் அழுது களைத்துப்போயிருந்தீர்கள். அதனால் ஒட்டுசுட்டானில் மிருக வைத்தியரிடம் நடந்ததை நான் முழுதாகச் சொல்லவில்லை. பிறகு சொல்ல வெளிக்கிட்டபோதெல்லாம் பாதியில் எழும்பி வயலுக்குப் போய்விட்டேன். எழுதிப் பாருங்கோ, நிதானமாக வரும் என்று அம்மா சொன்னா. நான் பெரிதாகப் படித்தவன் இல்லை. பிழை இருந்தால் மூத்தவள் திருத்தி மற்ற இருவருக்கும் வாசித்துக் காட்டட்டும்.

அவனைத் தந்தது உங்கள் சித்தப்பா. கொழும்பில் வேலையை விட்டுவிட்டு வெளிநாடு போகிறபோது, டோபர்மன் குட்டி ஒன்றைக் காட்போட் பெட்டிக்குள் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனார். சாதி நாய் என்றதும் ஊரே படலைக்கு வந்து எட்டிப் பார்த்தது. வளர வளரக் கறுத்து மினுங்கும் உடம்பு, நெடுத்த கால்கள். யானையும் பன்றியும் வயலுக்குள் இறங்குகிற இடத்தில் நல்ல காவல் கிடைத்துவிட்டது என்று நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். ஆனால் ஆள், பக்கத்து வளவுச் சேவலைக் கண்டாலே தலையைக் குனிந்துகொண்டு குசினி அடுப்படிக்குள் போய்விடுவான்.

பக்கத்து வளவு அண்ணைக்கு அதைச் சொல்லிச் சிரித்து முடியாது. அவருடைய தகப்பன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர். அண்ணை இங்கேயே பிறந்து வளர்ந்தும், வீட்டில் பேசிய தோட்டத்துப் பேச்சு அவர் வாயை விட்டுப் போகவில்லை.

"தம்பி, ஒங்க சாதி நாயி என் சேவலுக்கே பயப்படுது. யானை வந்தா நாமதான் அதத் தூக்கிக்கிட்டு ஓடணும்" என்பார்.

அவருடைய வயலுக்கும் எங்களுடையதற்கும் ஒரே வாய்க்கால். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருப்பது உங்களுக்குத் தெரியும். பூச்சிக்கு மருந்தடிக்கிறவர் முதல்நாளே அக்கம்பக்கத்தில் சொல்லவேண்டும். அடிக்கிற அன்று வாய்க்கால் தலைப்பில் தடி நட்டு, சிவப்புத் துணி கட்டவேண்டும். துணியைக் கண்டால் நாங்கள் மாட்டையும் நாயையும் கட்டிவிடுவோம். அந்த நாட்களில் அவனுக்குக் கிணற்றுத் தண்ணீர் வைக்கவென்றே ஓர் அலுமினியச் சட்டி பாலை மரத்தடியில் கிடந்தது.

அன்று வானம் இருட்டியிருந்தது. மழைக்கு முன்னம் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் அண்ணை சொல்லவும் இல்லை, துணி கட்டவும் இல்லை. காலையிலேயே மருந்தடிக்கத் தொடங்கிவிட்டார். மழை பிறகு வரவேயில்லை. நாய் வாய்க்காலில் தண்ணீர் குடித்துவிட்டு ஈர வாயோடு வந்ததை அம்மாவும் கண்டா, நானும் கண்டேன்.

மத்தியானம் நீங்கள் பள்ளிக்கூடம் விட்டுச் சைக்கிளில் வந்தீர்கள். மணிச் சத்தம் கேட்டதும் வழமைபோல வரம்பால் பாய்ந்து ஓடினான். பாதி வழியில், ஓடின ஓட்டத்திலேயே விழுந்தான். சின்னவன் அவன் விளையாடுகிறான் என்று நினைத்துச் சிரித்தான். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது கண் திறந்திருந்தது, மூச்சு இல்லை. நஞ்சைக் கக்கவைக்க அம்மா உப்புத்தண்ணீர் கரைத்துக்கொண்டு ஓடிவந்தா. அதைக் குடிக்க ஆள் இல்லை.

மற்ற வரம்பில் அண்ணை, முதுகில் மருந்து மெசினோடு, அப்படியே நின்றார். மூத்தவள் அவரைப் பார்த்து, "உங்கடை மருந்துதான் மாமா" என்றாள். அவர் மெசினை இறக்கி வைத்துவிட்டு எங்கள் வரம்புக்கு வந்தார்.

எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் பேசாமல் புதைத்துவிடுவோம் என்று நினைத்தேன். மருந்துதான் என்று ஒருவர் உறுதியாகச் சொல்லிவிட்டால், பிறகு எந்த முகத்தோடு ஒரே வாய்க்காலில் தண்ணீர் மறிப்பது? தெரியாமல் இருந்தால் இரண்டு வீடும் எப்படியோ போய்விடும். நான் மண்வெட்டியை எடுத்தேன். அண்ணை அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"பொதைக்கிறது இருக்கட்டும். டாக்டர்ட்ட கொண்டுபோயி அறுத்துப் பாத்துருவோம்."

ஏன் அண்ணை, விடுங்கோ என்றேன்.

"என் மருந்துன்னா அது எனக்குத் தெரியணும் தம்பி. தெரியாம நான் எப்பிடி ஒங்க புள்ளைங்க மூஞ்சியப் பாக்கிறது?"

அவனைச் சாக்கில் சுற்றி அவருடைய லான்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டியில் வைத்தோம். நான் பக்கத்தில் இருந்து, குலுக்கலில் அவன் தலை அடிபடாமல் பிடித்துக்கொண்டேன்.

அங்கே இருந்த டொக்டர் இளம் பெண். அவா முதலில் ஒவ்வொன்றாக விசாரித்தா. வாயால் சத்தி எடுத்தானா, நுரை தள்ளினானா, உடம்பு நடுங்கினதா? இல்லை, இல்லை, இல்லை. முன்னம் எப்போதாவது தள்ளாடி விழுந்தானா? அப்போதுதான் எனக்குப் பொங்கல் அன்று நடந்தது நினைவுக்கு வந்தது. பின்னங்கால் மடங்கி அப்படியே இருந்துவிட்டு எழும்பினான். வெடிச் சத்தத்துக்குப் பயந்துவிட்டான் என்று எல்லோரும் சிரித்தோம். விடியப்புறத்தில் சில நாள் இருமுவான். அதையும் குளிர் என்று விட்டுவிட்டோம்.

அவா அறுத்துப் பார்த்துவிட்டு எங்கள் இருவரையும் கிட்டக் கூப்பிட்டுக் காட்டினா. பிள்ளைகளே, ஓர் இதயத்தை நான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை. இறுக்கமாக இருக்கவேண்டியதாம். அவனுடையது பெரிதாக வீங்கி, சுவர் மெலிந்து, காற்றுப் போன பந்துபோலத் தொய்ந்து கிடந்தது.

இது இந்தச் சாதி நாய்களுக்கு வம்சத்தால் வருகிற இதய வருத்தம், வெளியில் ஒன்றும் காட்டாது, பட்டணத்தில் மெசின் வைத்துப் பார்த்தால்தான் பிடிபடும் என்று விளங்கப்படுத்தினா. ஓடுகிறபோது துடிப்புக் குழம்பி நின்றிருக்கும், நோவை அறிந்திருக்கமாட்டான் என்றா. இரைப்பையில் மருந்து மணமோ, நஞ்சு தின்ற அடையாளமோ இல்லை. இந்த இதயம் ஒன்றே போதும், வேறு காரணம் தேடவேண்டாம் என்றா.

அண்ணை நம்பாதவர்போல நின்றார். நல்லாப் பாத்துச் சொல்லுங்கம்மா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவா சலிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டே சொன்னா:

"ஐயா, இந்த இதயத்தோடை இவர் இவ்வளவு காலம் ஓடித் திரிஞ்சதே பெரிய காரியம். நீங்கள் ரெண்டு வீடும் சந்தோஷமா வச்சிருந்திருக்கிறியள்."

வெளியே வந்து அண்ணை அவனைத் திரும்பவும் சாக்கில் சுற்றி லான்ட்மாஸ்டர் பெட்டியில் வைத்தார். பிறகு, "இருந்தாலும் நான் சொல்லாம அடிச்சது தப்புதான்" என்றார். ஓம் அண்ணை, அது பிழைதான் என்றேன். அப்படி நேராகச் சொல்ல முடிந்ததே எங்கள் இருவருக்கும் பெரிய ஆறுதலாக இருந்தது.

வீட்டுக்கு வந்து, அது மருந்து இல்லை, அவனுடைய இதயம் என்று மட்டும் உங்களுக்குச் சொன்னேன். அண்ணை பாலை மரத்தடியில் குழி வெட்டத் தொடங்கிவிட்டார். மூத்தவளே, நீ கனநேரம் வாசற்படியில் இருந்தாய். பிறகு செம்பை எடுத்துக்கொண்டு போய், "மாமா, தண்ணி" என்று நீட்டினாய். அவர் செம்பை வாங்கிக் குடித்துவிட்டு முகத்தையும் அதிலேயே கழுவிக்கொண்டார். அந்த இரண்டு சொல்லுக்காக உனக்கு நான் நன்றி சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

கூடப்பிறந்த குட்டிகளுக்கும் இது இருக்கலாம், காட்டச் சொல்லுங்கோ என்று டொக்டர் சொன்னபடி சித்தப்பாவுக்குப் போன் எடுத்தேன். அவனோடு பிறந்த குட்டி ஒன்று பூவரசங்குளத்தில் ஒரு வீட்டில் வளர்கிறதாம். அவர்கள் கொண்டுபோய்க் காட்டினார்கள். அதற்கும் துடிப்புச் சரியில்லை, ஆனால் இப்போது மருந்துக் குளிசை கொடுக்கிறார்கள், நன்றாகச் சாப்பிடுகிறது என்று அந்த வீட்டு அம்மா சொன்னா. எங்கள் ஆள் போகிறபோதும் ஒரு உதவி செய்துவிட்டுத்தான் போயிருக்கிறான்.

அடுத்த முறை மருந்தடிக்க முதல்நாளே அண்ணை படலைக்கு வந்தார். "தம்பி, நாளைக்கு அடிக்கிறேன், நாயக் கட்டி..." என்று தொடங்கிவிட்டு நிறுத்தினார். சரி அண்ணை, மாட்டைக் கட்டுறன் என்றேன்.

மறுநாள் காலை நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு, வாய்க்கால் தலைப்பில் சிவப்புத் துணி ஆடுவதைக் கண்டேன். கால் தானாகக் கிணற்றடிக்குப் போயிற்று. அலுமினியச் சட்டியில் தண்ணீர் நிறைத்துப் பாலை மரத்தடியில் வைத்த பிறகுதான் என்ன செய்கிறேன் என்று விளங்கியது. அதைக் கீழே ஊற்ற மனம் வரவில்லை. அண்ணையின் சேவல் வேலிக்குள்ளால் நுழைந்து, அவன் பயந்து ஓடுகிற அதே சேவல், சட்டி விளிம்பில் நின்று தலையைத் தூக்கித் தூக்கிக் குடித்தது. அது குடித்துவிட்டுப் போகும்வரை அசையாமல் நின்றேன். பிறகு சட்டியை மண் போட்டு மினுக்கிக் கழுவி, கிணற்றுத் தண்ணீரால் திரும்பவும் நிறைத்து, அவன் தலைமாட்டில் வைத்துவிட்டு வயலுக்குப் போனேன்.