காளையின் சுழியைக் காணோம்

இன்று காந்திபுரம் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போயிருந்தேன். பொள்ளாச்சிச் சந்தையில் விற்கப்போகும் என் காளைக்கு நோட்டீஸ் அடிக்க, அதனோடு நான் நிற்கிற போட்டோ ஒன்றைக் கொடுத்திருந்தேன்.

வேலை பழக வந்திருக்கும் துடியலூர்ப் பெண் கவிதாதான் அதைச் செய்திருந்தாள். நான் பார்த்துச் சரியென்று கையெழுத்துப் போட்டால், நாளை முதல் அவள் தனியாகவே கம்ப்யூட்டரில் உட்காரலாம் என்று முதலாளி சொல்லியிருக்கிறார். பேனாவை நீட்டிக்கொண்டே நின்றாள்.

பார்த்தால், திமிலோரம் இருந்த முடிச்சுழியைக் காணோம்!

"அம்மணி, சுழி எங்க?"

"அந்தக் கறைங்களாண்ணா? அரை நாள் உக்காந்து அழிச்சுப்போட்டேனுங்க."

"நல்லா அழிச்ச போ! சந்தையில மொதல்ல சுழியத்தான் பாப்பாங்க. காளையோட அதிர்ஷ்டத்தையே தொடச்சுப்போட்டியே கண்ணு!"

முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் கெட்டிக்காரி. கை வைக்காத படத்தை ஃபிளாப்பியில் தனியாக எடுத்து வைத்திருந்தாள். பத்து நிமிடத்தில் சுழி பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

கிளம்பும்போது என் வாய் சும்மா இருக்குமா?

"காளைக்கு அத்தன மேக்கப் போட்ட. பக்கத்துல நிக்கற என்ற தலை நரைய மட்டும் அப்படியே உட்டுப்போட்டியே?"

"வாங்கறவங்க காளையத்தானுங்கண்ணா பாப்பாங்க" என்றாள்.

இதைக் கேட்ட முதலாளி இன்னும் சிரித்துக்கொண்டிருப்பார். இதற்கு நல்ல பதிலாக யாராவது ஒன்று சொல்லுங்கள். நாளைக்கு நோட்டீஸ் வாங்க நான் அங்கேதான் போகவேண்டும்.