மரத்தடியில் கிடந்தவர்கள்

எங்கள் ஆட்கள் செத்தவரின் பெயரைச் சொல்லமாட்டார்கள். சொன்னால் அவர் வந்துவிடுவார். வருவதில் கெடுதல் ஒன்றுமில்லை, கூப்பிட்ட குரலுக்கு வருவது மரியாதை தெரிந்த எவரும் செய்கிற காரியம்தான். ஆனால் வந்தவரைச் சும்மா நிறுத்தி வைக்கக்கூடாது. என்ன அலுவல் என்று சொல்ல வேண்டும். பிறகு அவரைப் புதைத்த மரத்தடியில் ஒரு கொத்துக் குழை முறித்து வைத்து, அலுவல் முடிந்தது, போங்கோ என்று அனுப்பிவைக்க வேண்டும். இந்தக் கரைச்சலுக்காகவே பெயரை விட்டுவிட்டு மரத்தைச் சொல்லிப் பழகியிருந்தோம். பாலையடியார், முதிரையடிப் பெரியம்மா, நாவலடிப் பிள்ளை. என் தகப்பனை வீரையடியார் என்றுதான் எனக்குத் தெரியும். நான் தவழ்கிற வயதில் அவரைக் கரடி அடித்துவிட்டது. அவருடைய பெயர் என்ன என்று நான் அம்மாவிடம் கேட்டதில்லை. கேட்கக்கூடாது என்று பேச்சு வரமுதலே தெரிந்திருந்தது.

முள்ளியவளையிலிருந்து விடியப் புறப்பட்டால் பொழுதுபடும்போது எங்கள் இடத்துக்கு வந்து சேரலாம். அதை ஊர் என்று சொன்னால் ஊர்க்காரர் சிரிப்பார்கள். சில குடிசைகள், ஒரு சின்னக் குளம், சுற்றிவரக் காட்டை எரித்துக் குரக்கன் விதைத்த சேனை நிலம், அதற்கப்பால் காடு. எங்களை முதுகுக்குப் பின்னால் வேடர் என்றும், முகத்துக்கு முன்னால் காட்டாக்கள் என்றும் சொல்வார்கள். தேன் வாங்க வரும்போது மட்டும் அண்ணை, அக்கா என்று வாய் இனிக்கும். நான் முள்ளியவளையில் ஒரு வீட்டில் நெல்லுக் குத்தப் போய் நின்ற காலத்தில், அந்த வீட்டுப் பிள்ளைகள் சத்தம் போட்டுப் படிப்பதைக் கேட்டு எழுத்துப் பழகினவள். கலியாணம் முடித்து, கைக்குழந்தையோடு திரும்பி அம்மாவிடம் வந்திருந்த ஆண்டில்தான் இதெல்லாம் நடந்தது.

செய்தியை முதலில் கொண்டுவந்தவர், முல்லைத்தீவிலிருந்து சைக்கிளில் உப்பும் சீலையும் கொண்டுவருகிற முஸ்லிம் வியாபாரி. பெரிய குளம் கட்டப் போகிறார்களாம், காட்டை வெட்டித் துண்டு துண்டாக்கி, ஆனையிறவுக்கு அப்பால் குடாநாட்டில் காணியில்லாமல் இருக்கிற சனத்துக்குக் கொடுக்கப் போகிறார்களாம். அம்மா நம்பவில்லை. காட்டை யார் கொடுப்பது, யார் வாங்குவது என்று கேட்டுவிட்டுக் குரக்கனைப் புடைத்தா. கொஞ்ச நாளில் அளவைக்காரர் சங்கிலியோடு வந்து முளைக்கட்டை அடித்தார்கள். அவர்கள் பகலில் அடித்ததை என் அண்ணன் பகலிலேயே பிடுங்கினான். அவனுக்கு ஒளித்துச் செய்யத் தெரியாது. பிடித்துக்கொண்டு போய் வவுனியா நீதிமன்றத்தில் நிறுத்தி, இனிமேல் தொடாதே என்று எச்சரித்து விட்டுவிட்டார்கள். திரும்பி வந்து அவன் அதிசயமாகச் சொன்னது ஒன்றைத்தான்: சாட்சிக்கு வந்தவர்களை வழக்கு முடியும்வரை வீட்டுக்கு விடமாட்டார்களாம், பசித்தாலும் அந்த விறாந்தையிலேயே நிற்க வேண்டுமாம்.

பிறகு காணிக் கந்தோரிலிருந்து ஒரு அதிகாரி விசாரணைக்கு வந்தார். நல்ல மனிசன், அதை நான் மறைக்கமாட்டேன். மடக்குக் கதிரையைப் பாலை மரத்தின் கீழ் விரித்து உட்கார்ந்து, நாங்கள் கொடுத்த தண்ணீரை அருவருக்காமல் குடித்தார். காணிக்கு உறுதிப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்டார். அண்ணன் சிரித்தான். அதிகாரி கோபிக்கவில்லை. உறுதி இல்லாவிட்டால் பரம்பரையாக இங்கே இருந்தீர்கள் என்று காட்ட வேண்டும், இங்கே புதைத்தவர்களின் பெயர்களைச் சொன்னால் எழுதி மேலே அனுப்புவதாகவும், குளத்தடித் துண்டையாவது எங்களுக்கு விட்டுவைக்கும்படி கேட்பதாகவும் சொன்னார்.

அம்மாதான் எங்களில் மூத்தவ. அவதான் சொல்ல வேண்டும். பாலையடியார், முதிரையடிப் பெரியம்மா என்று தொடங்கினா. அதிகாரியோடு வந்து பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த கிளாக்கர் நிமிர்ந்து பார்த்துச் சிரிப்பை அடக்கினான்.

"அம்மா, மரத்துக்குக் காணி எழுத ஏலாது," என்றார் அதிகாரி. "ஆக்களின்ர பேரைச் சொல்லுங்கோ."

அம்மா எழுந்து குளத்துக்குப் போய் முகம் கழுவினா. அண்ணன் பின்னால் போய் என்னவோ சொன்னான், வேண்டாம் என்றிருப்பான். ஈர முகத்தோடு திரும்பி வந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கதிரைக்கு முன்னால் நின்று ஒவ்வொரு பெயராகச் சொன்னா. எங்கள் சனம் முழுவதும் தலையைக் குனிந்தது. வெயில் கொளுத்துகிற மத்தியானம். படுத்துக் கிடந்த நாய்கள் ஒவ்வொன்றாக எழும்பி, குரைக்காமல், காட்டைப் பார்த்து நின்றன. இதை நான் அலங்காரத்துக்காக எழுதவில்லை. கிளாக்கரும் அதைப் பார்த்தான், அதற்குப் பிறகு அவன் சிரிக்கவில்லை.

கடைசியாக என் தகப்பனின் பெயர் வந்தது. முள்ளியவளைச் சந்தையில் யாராவது கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற சாதாரணப் பெயர். அதைக் கேட்க எனக்கு இருபது வயது தாண்ட வேண்டியிருந்தது, அதுவும் ஒரு கந்தோர்க்காரனுக்காகச் சொல்லும்போது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கிளாக்கருக்குச் சரியாகக் கேட்கவில்லை, திரும்பச் சொல்லச் சொன்னான். அம்மா தயங்கினா. இரண்டு தரம் கூப்பிட்டால் அவசரம் என்று அர்த்தம். பிறகு இன்னும் ஒருமுறை, உரத்துச் சொன்னா.

முடிவு வரும், பொறுத்திருங்கோ என்று சொல்லிவிட்டு அவர்கள் போனார்கள். உடனே போய்க் குழை முறித்து வைத்து எல்லாரையும் அனுப்பிவிடு என்று அண்ணன் அம்மாவிடம் கெஞ்சினான். அம்மா மறுத்துவிட்டா.

"சாட்சிக்குக் கூப்பிட்டனான். தீர்ப்பு வர முன்னம் எப்பிடிப் போங்கோ எண்டு சொல்லுறது? வழக்கு முடியுமட்டும் சாட்சியை விடமாட்டினம் எண்டு நீதானே வந்து சொன்னனீ."

அண்ணன் கோடரியை எடுத்துக்கொண்டு விறகுக்குப் போனான். அவன் கொண்டுவந்த கதைதானே.

அந்தக் காத்திருப்பு நீண்டுகொண்டே போனது. எங்கள் முற்றம் ஆட்கள் நிறைந்த முற்றமாகிவிட்டது. குறுக்கே நடக்கிறவர்கள் காரணமில்லாமல் விலகி நடந்தார்கள். அம்மா சமைத்ததில் முதல் அகப்பையை வாழையிலையில் போட்டு வெளியே வைத்தா, குழந்தைகளைச் சத்தம் போட்டு ஓட வேண்டாம் என்று அதட்டினா. நான் பிள்ளைக்குப் பால் கொடுக்க உட்கார்ந்தால், பிள்ளை பாலை விட்டுவிட்டு வீரை மரப் பக்கம் பார்த்துச் சிரிக்கும். அங்கே ஒன்றுமில்லை. எனக்குப் பயமாக இருந்தது. பொய் சொல்வானேன், சந்தோஷமாகவும் இருந்தது. தகப்பன் இல்லாமல் வளர்ந்தவளுக்கு அவ்வளவு கிட்ட அவர் வந்து நின்றது அந்த நாட்களில் மட்டும்தான்.

முடிவு என்று எங்களுக்கு ஒருவரும் வந்து சொல்லவில்லை. ஒரு காலையில் புல்டோசர்தான் வந்தது. கூட வந்த கிராம அதிகாரி விதானையார், உறுதியில்லாத பெயர்களை மேலே ஏற்றுக்கொள்ளவில்லை என்றும், விண்ணப்பம் போட்டால் மற்றக் குடியேற்றக்காரரைப்போல எங்களுக்கும் வாய்க்கால் ஓரத்தில் ஒரு துண்டு கிடைக்கும் என்றும் சொல்லி முடிக்குமுன், ஆண்கள் கோடரியோடும் வில்லோடும் இயந்திரத்துக்கு முன்னால் போய் நின்றார்கள். பெண்கள் நிலத்தில் உட்கார்ந்தோம். ஒருவரும் கோடரியை ஓங்கவில்லை, நின்றோம், அவ்வளவுதான். பொலிஸ் வந்து ஒவ்வொருவராகத் தூக்கிக் கரையில் விட்டது. அண்ணன் திரும்பத் திரும்ப ஓடிப்போய் நின்றான், கடைசியில் அவனைக் கட்டி ஜீப்பில் ஏற்றினார்கள்.

அந்தக் குழப்பத்தில் அம்மா ஒரு கொத்துக் குழையை முறித்துக்கொண்டு வீரை மரத்தை நோக்கி ஓடினா. எனக்கு விளங்கிவிட்டது. ஒருவரையாவது அனுப்பிவிட நினைத்தா. ஒரு இளம் பொலிஸ்காரன் பாய்ந்து அவவின் கையைப் பிடித்தான். மரம் விழப்போகுது, கிட்டப் போகாதேங்கோ அம்மா என்று இரக்கத்தோடுதான் சொன்னான், விடவில்லை. அவன் பிடியில் இருக்கும்போதே மரம் சாய்ந்தது. வேரோடு கிளம்பிய மண்ணை நான் பார்க்கவில்லை. பிள்ளையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

எங்களுக்குக் கிடைத்த துண்டில் வீடு கட்டினோம். நெல் விதைக்கவும் பழகினோம். அண்ணன் விடுதலையாகி வந்து, அந்தப் பக்கம் ஒருநாளும் திரும்பிப் பார்க்காமல் செத்தான். அம்மா மட்டும் அடிக்கடி வாசலில் நின்று அந்தத் திசையைப் பார்ப்பா. இரண்டு போகம் கழிந்தபின், தன்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிக் கேட்டா. மடியில் குழை கட்டி வைத்திருந்தா.

போய்ப் பார்த்தால் எதுவும் பிடிபடவில்லை. நிலத்தை மட்டப்படுத்தி வரம்பு கட்டியிருந்தார்கள், கதிர் முற்றி நின்றது. பாலை எது, வீரை எது என்று சொல்ல ஒரு அடிக்கட்டைகூட இல்லை. குளத்தைப் பெரிய குளம் விழுங்கிவிட்டது. அம்மா வரம்பில் அங்கும் இங்கும் நடந்து, ஓரிடத்தில் குனிந்து, இது இல்லை என்று தலையாட்டி, திரும்ப நடந்தா. குழை மடியிலேயே வாடிப்போனது.

அந்த வயல்காரரின் மனைவி எங்களைக் கண்டு வந்தா. குடாநாட்டிலிருந்து வந்தவ, பல நாள் நித்திரை கொள்ளாத முகம். தேத்தண்ணி தந்து, எங்கே இருக்கிறோம் என்று விசாரித்து, நாங்கள் முன்பு இந்த இடத்துக்காரர் என்று தெரிந்ததும் அம்மாவுக்குக் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினா.

"அம்மா, இஞ்ச முந்தி ஆர் இருந்தவை? மத்தியானத்தில வரம்பு நீளத்துக்கு ஆக்கள் நிக்கினம். ஒண்டும் கேக்கயில்லை, சும்மா நிக்கினம். பேர் தெரிஞ்சால் சொல்லுங்கோ, ஐயரைக் கூப்பிட்டு ஏதும் செய்விக்கலாம்."

அம்மா வயலைத் திரும்பிப் பார்த்தா. அந்தப் பெண்ணின் மீது அம்மாவுக்குக் கோபமே வரவில்லை, அவவின் கையைப் பிடித்துத் தடவினா.

"பயப்பிடாதை பிள்ளை. அவை உங்களை ஒண்டும் செய்யமாட்டினம். தீர்ப்புக்குப் பாத்துக்கொண்டு நிக்கினம்."

தீர்ப்பு எப்போதோ வந்துவிட்டது என்று வரம்பில் நிற்கிறவர்களுக்குச் சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை. அம்மா செத்த பிறகு, அவர்களுக்குச் சொல்லி அனுப்புகிற வேலை என் தலையில் விழுந்தது. எனக்கும் வாய் வரவில்லை.