தட்டு எண் நாற்பத்தொன்று

எங்கள் பள்ளியில் எந்தப் பிள்ளை எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பயனில்லை. சமையலறைக்குப் போய்ப் பாவாத்தாக்காவைக் கேட்க வேண்டும். தொண்டாமுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில், எட்டாம் வகுப்பு வரை உள்ள பள்ளி அது. நான் ஜாஹிதா, அங்கே பதினொரு வருடமாக அறிவியல் ஆசிரியை. கோட்டைமேட்டிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறவள். பாவாத்தாக்கா எனக்கு முன்பே வந்தவர். பத்தொன்பது வருடமாக மதியச் சாப்பாடு அவர் கையில்தான்.

ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். கணவர் மாசாணம் தென்னந்தோப்பில் கூலி வேலை. கலைந்த தலையும் ஏற்றிச் செருகிய சேலையுமாக அடுப்பு முன்னால் நிற்பார், ஆனால் கண் முழுவதும் வரிசையில் இருக்கும். தட்டை நீட்டுகிற தினுசைப் பார்த்தே வீட்டில் காலையில் அடுப்பு எரிந்ததா என்று சொல்லிவிடுவார். முதல் நாள் தோட்டத்தில் யானை புகுந்திருந்தால் எந்தெந்தப் பிள்ளை தூங்கவில்லை என்று அவருக்குத் தெரியும். முட்டையை யார் சாப்பிடாமல் தம்பிக்கு ஒளித்துக்கொண்டு போகிறார்கள் என்பதும் தெரியும், தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார். பி.எட். படித்த நாங்கள் ஒன்பது பேர் இருந்தோம். எங்களில் யாருக்கும் அதில் பாதிகூடத் தெரியாது.

மௌனிகா எட்டாம் வகுப்பு. போன வருடம் கோடை விடுமுறை முடிந்து வந்தவள் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போனாள். நான்காம் நாள் பாவாத்தாக்கா பாத்திரம் கழுவுகிற இடத்தில் அவளைப் பிடித்துக் கேட்டார். அப்பா அடித்த அடி தாங்காமல் அம்மா வீட்டைவிட்டுப் போய்விட்டாள், பெருந்துறையில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை செய்கிறாள், அவளிடம் பேசினால் படிப்பை நிறுத்திவிடுவேன் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து ஒரு ஏற்பாடு நடந்தது. கம்பெனியில் சாப்பாட்டு நேரம் ஒன்றரை மணிக்கு. அம்மா பாவாத்தாக்காவின் போனுக்குக் கூப்பிடுவாள், மௌனிகா சமையலறைக்குப் பின்னால் குழாயடியில் நின்று பேசுவாள். ஏழெட்டு நிமிடம்தான். அந்தப் பெண்ணுக்கு மிச்சமிருந்த அம்மா அந்த ஏழெட்டு நிமிடம்தான்.

ஒரு மாதத்தில் முட்டையும் சாப்பிட்டாள், கணக்கிலும் தேறினாள். விஷயத்தைப் பாவாத்தாக்கா என்னிடம் மட்டும் சொல்லி வைத்திருந்தார்.

"தாயி குரலு காதுல உழுந்தா சோறு எறங்குதுங்க டீச்சர். இதுல என்னங்க தப்பு?" என்றார்.

தப்பே இல்லை என்றேன். அப்படிச் சொன்ன வாய்தான் இது.

ஆகஸ்டில் ஆய்வு வந்து சேர்ந்தது. மாணவர் நலன், நற்பண்பு, திறன், தொழில்நுட்பத் துணையோடு கற்றல் என்று பேனரில் ஒரு பெரிய பட்டியல். நகரத்தில் ஒரு தனியார் அறக்கட்டளை நடத்தியது. முப்பது டேப்லெட் கொடுத்தார்கள். பிள்ளைகள் காலையில் அதைத் திறந்ததும் "இன்று நீ எப்படி இருக்கிறாய்?" என்று கேட்கும். அழுகிற முகத்திலிருந்து சிரிக்கிற முகம் வரை ஐந்து முகம் வரும், ஒன்றைத் தொட வேண்டும். அதன் பிறகு பாடம் வீடியோவாக ஓடும். அழுகிற முகத்தைத் தொட்டால் மேற்கொண்டு நான்கு கேள்வி வருகிறது, சிரிக்கிற முகத்தைத் தொட்டால் நேரே எரிமலை வெடிக்கிற வீடியோ வருகிறது என்பதைப் பிள்ளைகள் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள். பிறகென்ன, பள்ளியே சிரித்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் மகிழ்ச்சி என்று தலைமையாசிரியர் தமிழ்ச்செல்வன் சார் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்.

அறக்கட்டளையின் கள ஆய்வாளர் மதிவதனி, அன்னூர்ப் பெண், சமூகப்பணி படித்துவிட்டு முதல் வேலைக்கு வந்தவள். எல்லாரும் ஒரே முகத்தைத் தொட்டால் ஆய்வே கிடையாது, அலுவலகத்தில் திட்டுகிறார்கள் என்று என்னிடம் வந்து கண் கலங்கினாள். பிள்ளைகளைப் பற்றி உள்ளபடி தெரிந்தவர் யாராவது உண்டா என்று கேட்டாள். அப்போது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கையைப் பிடித்துச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெருமை வேறு. எங்கள் ஆளைப் பார் என்கிற பெருமை.

பாவாத்தாக்கா லேசில் வாய் திறக்கவில்லை. பிள்ளைகள் சொன்னதை வெளியே சொன்னால் நன்றாக இருக்காது என்றார். மதிவதனி அறையை விட்டுப் போனதும் என்னைத் தனியாகக் கேட்டார்.

"ஏனுங்க டீச்சர், இந்தப் புள்ளைய நம்பலாங்களா?"

"நம்பிச் சொல்லுங்கக்கா. பேரு வெளிய போகாது. நான் பொறுப்பு" என்றேன்.

அப்படியும் அவர் பெயர் சொல்லவில்லை. அவருக்கென்று ஒரு வழி கண்டுபிடித்தார். எங்கள் பள்ளியில் ஒவ்வொரு எவர்சில்வர் தட்டிலும் பாத்திரக் கடையில் கொடுத்து எண் வெட்டியிருக்கும். என் பிள்ளை இன்னார் வீட்டுப் பிள்ளை தின்ற தட்டில் தின்னக்கூடாது என்று சில வீடுகளில் கிளப்பிய சண்டையால் வந்த எண் அது, அந்த அசிங்கத்தை இங்கே விரிக்க எனக்கு மனமில்லை. பாவாத்தாக்காவுக்கு எண்தான் பழக்கம். பெயர் வேண்டாம், தட்டு எண்ணை மட்டும் சொல்கிறேன் என்றார். பன்னிரண்டாம் தட்டுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. முப்பதாம் தட்டை அண்ணன் அடிக்கிறான். நாற்பத்தொன்றாம் தட்டு அம்மாவிடம் என் போனில் பேசுகிறது, அதனால்தான் சாப்பிடுகிறது. மூன்று மாதம் மதிவதனி வாரா வாரம் வந்து உட்கார்ந்து டேப்லெட்டில் ஏற்றிக்கொண்டு போனாள். எண்ணைச் சொன்னால் ஆளைச் சொன்னதாகாது என்று பாவாத்தாக்கா நம்பினார். படித்த நானும் நம்பினேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். பள்ளி முழுவதற்கும் ஒரே தொடராக வருகைப் பதிவேட்டில் போட்ட வரிசை எண்ணைத்தான் தட்டிலும் வெட்டியிருந்தோம். அந்தப் பதிவேட்டைத் தமிழ்ச்செல்வன் சார் ஜூலையிலேயே அறக்கட்டளைக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார்.

டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை சார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். டாஷ்போர்டாம். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று புள்ளிகள். சிவப்புப் புள்ளி ஒன்றைத் தொட்டார், மௌனிகாவின் புகைப்படமே வந்து நின்றது. கீழே, "தந்தைக்குத் தெரியாமல் தாயுடன் தினசரித் தொடர்பு, சமையலரின் கைப்பேசி வழியாக." எவ்வளவு துல்லியம் பார்த்தீர்களா டீச்சர் என்று சார் பூரித்துப்போனார். இதை மூடி வையுங்கள் சார் என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பக்கத்தின் அடியில், ஆய்வுக்குத் துணை நின்ற ஆசிரியர் என்று என் பெயரைப் போட்டு நன்றி சொல்லியிருந்தார்கள். மாவட்ட அளவில் பாராட்டு வரும் என்று வேறு சார் சொன்னார். நான் சிரித்துவிட்டு வெளியே வந்தேன். மதிவதனியிடம் பேசிச் சரிசெய்துவிடலாம் என்று செவ்வாயும் புதனும் வியாழனும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். அன்று மதியமும் மௌனிகா குழாயடியில் சிரித்துப் பேசிவிட்டுத்தான் வகுப்புக்கு வந்தாள். கூட்டத்தில் சார் அவள் அப்பாவைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்து, பிள்ளைக்கு அம்மா ஏக்கம் இருக்கிறது, ஆயாம்மா போனில் பேசித்தான் தேறியிருக்கிறாள், நீங்களே பேசவிடுங்கள் என்று பக்குவமாக எடுத்துச் சொன்னாராம். ஆறேழு பெற்றோர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அப்பா கோபப்படவே இல்லை. "சரிங்க சார், ரொம்ப நல்லதுங்க" என்று கைகூப்பிவிட்டுப் போனார். அந்த மரியாதையைப் பார்த்து, ஆய்வு ஒரு குடும்பத்தைச் சேர்த்துவைத்துவிட்டது என்று சார் எங்களிடம் சொன்னார்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நின்று மதிவதனிக்குப் போன் போட்டேன். கத்தினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெயரை மறைத்துவிடுவோம் என்றுதான் அலுவலகத்தில் தன்னிடம் சொன்னார்கள், முன்னோடிப் பள்ளி என்பதால் எங்களுக்கு மட்டும் திறந்து வைத்துவிட்டார்கள், தனக்கே இன்றுதான் தெரியும் என்று அழுதாள். பாவமாக இருந்தது. ஆனால் அழுகை நின்றதும் அவள் ஒன்று சொன்னாள்.

"ஆனா மிஸ், முடிவுகளைப் பெற்றோர்கிட்ட பகிர்வோம்னு சம்மதப் படிவத்துலயே இருக்குதுங்க. நீங்கதான மிஸ் எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கிக் கொடுத்தீங்க?"

வாங்கிக் கொடுத்தவள் நான்தான். நூற்றிருபது படிவம். ஒன்றைக்கூடப் படிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை மௌனிகாவின் அப்பா அவளையும் கூட்டிக்கொண்டு மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தார். கிணத்துக்கடவில் தங்கச்சி வீட்டில் விட்டு அங்கேயே படிக்கவைக்கப் போகிறாராம். படிப்புக்கு ஒரு குறையும் வராதுங்க என்று சாரிடம் உறுதி சொன்னார். சான்றிதழை எழுதச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். எழுதினேன். நடத்தை என்ற இடத்தில் மிக நன்று என்று எழுதும்போது எனக்கு என்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது.

அப்பா கையெழுத்துப் போடுகிற நேரத்தில் மௌனிகா அறையை விட்டு நழுவிச் சமையலறைக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். பாவாத்தாக்கா பருப்பு கழுவிக்கொண்டிருந்தார். வா கண்ணு என்று எழுந்தவர் அவள் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"உங்ககிட்ட மட்டுந்தான ஆயாம்மா சொன்னேன்" என்றாள் மௌனிகா. சத்தம் போடவில்லை. "அப்பா அம்மாளுக்குப் போன் போட்டுக் கண்டபடி பேசிப்போட்டாரு. இனி நான் எப்படிப் பேசறது?"

பாவாத்தாக்கா நான் இல்லை என்று சொல்லவில்லை. எண்ணைத்தான் சொன்னேன், பெயரைச் சொல்லவில்லை என்றும் சொல்லவில்லை. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவள் தலையைத் தொடப் போனார். மௌனிகா ஓரடி பின்னால் நகர்ந்து, திரும்பி நடந்துவிட்டாள்.

பாவாத்தாக்கா என் பக்கம் திரும்பினார். சமையலறையில் இனி போன் வைத்துக்கொள்ளக்கூடாது என்று சார் காலையில் அவரைக் கடிந்திருந்தார். அந்தப் பேச்சில் டாஷ்போர்டை ஜாஹிதா டீச்சரும் பார்த்தார் என்பதும் வந்துவிட்டது.

"அத நீங்க எப்பங்க பார்த்தீங்க?"

"போன திங்கக்கிழமை."

"அஞ்சு நாளு இருந்துதுங்களே டீச்சர்" என்றார். "ஒரு சொல்லு சொல்லியிருந்தா புள்ளைய உசார் பண்ணியிருப்பேனுங்க. அந்தம்மணியவாவது ஒருக்கா நேர்ல வந்து பாத்துட்டுப் போகச் சொல்லியிருப்பேன்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் பருப்பைத் தூக்கி உலையில் போட்டார், வழக்கம்போலப் பிள்ளைகள் வந்தார்கள், வழக்கம்போலப் பரிமாறினார். நான் வகுப்புக்குப் போகாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தேன். ஒன்றரை மணிக்கு, சார் கூடாது என்றும் அவர் இடுப்பிலேயே வைத்திருந்த போன் அடித்தது. பெருந்துறையிலிருந்து அம்மா. மூன்று நாளாக மகள் என்ன ஆனாள் என்று தெரியாமல் துடித்திருக்கிறாள். பாவாத்தாக்கா போனை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார், நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

மகளைக் கிணத்துக்கடவுக்குக் கூட்டிப் போய்விட்டதைச் சொன்னார். எந்தத் தெரு, எந்தப் பள்ளி என்று எனக்குத் தெரிந்திருந்தது, சான்றிதழ் கேட்டு அப்பா எழுதிய விண்ணப்பத்தில் பார்த்திருந்தேன். மறுமுனையில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. ஆர் சொன்னாங்க, ஆர் சொல்லிக் கொடுத்தாங்க. பாவாத்தாக்கா ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு போனைக் காதோடு அழுத்திக்கொண்டு முதுகைத் திருப்பிக்கொண்டார்.

"நாந்தானுங்க அம்மணி சொல்லிப்போட்டேன். வேற ஆரும் இல்லீங்க."

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.