மாரமங்கலத்துக்கு ஒரு ஒட்டு வண்டி

மலையில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவனிடம் ரிப்பேருக்குத்தான் ஆள் வரும் என்று நினைத்துவிடாதீர்கள்; உலகத்தில் இல்லாத வண்டியைக் கேட்டும் வருவார்கள். ஏற்காட்டு மழையில் வண்டிக்கு அடியில் படுத்து முதுகு நனைந்த சக பாவிகளுக்கு நான் சொல்வது புரியும்.

கேட்டு வந்தவர்

பழனியம்மாள் மாரமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வந்தார். வீடு மேலே ரோட்டோரம். காப்பியும் மிளகும் போட்ட தோட்டம் கீழே பள்ளத்தில். நடுவில் இருப்பது ஒற்றையடிப் பாதை, ஜீப் இறங்காது. போன அறுவடையில் அவர் கணவர் ரங்கசாமி தலையில் காப்பி மூட்டையோடு அந்தப் பாதையில் சறுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். சேலத்தில் ஆபரேஷன் ஆனது. கம்பு ஊன்றி வாசல்வரை நடக்கிறார், பள்ளத்தில் இறங்க வழியில்லை. காட்டேஜ் கட்ட இடம் தேடும் ஒரு ஆள் தோட்டத்தை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். ரங்கசாமியும் கொடுத்துவிடலாம் என்ற முடிவுக்கு வந்திருந்தார்.

மூட்டை ஏற்ற ஒரு சின்ன வண்டி போதுமா என்று கேட்டேன். அந்த அம்மா லிப்ட்டில் தூக்கி நிறுத்தியிருந்த காரை அண்ணாந்து பார்த்தார். பிறகு சொன்னார்: “மூட்டையை நான் எப்படியாச்சும் சொமந்துக்குவேனுங்க. அவரைச் சொமக்கத்தானுங்க முடியல. தோட்டத்தைக் கண்ணுல பாக்காமயே வித்துப்போடுவாரு போலிருக்குதுங்க.”

பழைய இரும்புக் கடை

அந்தப் பாதைக்கு ஏற்ற வண்டியை எவனும் செய்து விற்கவில்லை. அதனால் நானும் என் வெல்டர் செல்வராசும் சேலத்துக்கு இறங்கிப் பழைய இரும்புக் கடை கடையாக ஏறினோம். ஷேர் ஆட்டோவிலிருந்து கழற்றிய டீசல் இன்ஜின். நொறுங்கிப்போன ஜீப்பின் கியர் பாக்ஸ். அதே ஜீப்பின் பின் அச்சு. அதை அறுத்துக் குறுக்கவேண்டும். ஸ்டியரிங் ஒரு மினி வேனுடையது, சக்கரங்கள் பவர் டில்லருடையவை. உட்கார ஒரு பழைய டவுன் பஸ் சீட் கிடைத்தது. இடுப்பு முறிந்தவருக்கு அதுதான் வாகு என்று செல்வராசு அதில் உட்கார்ந்து பார்த்தே எடுத்தான்.

கடைசிக் கடைக்காரர் எல்லாவற்றையும் ஏற்றிக் கயிறு கட்டிக் கொடுத்தார். கிளம்பும்போது பக்கத்தில் வந்து கேட்டார்: “எல்லாத்தையும் ஒண்ணாச் சேக்கறீங்க, சரிங்க. ஒண்ணு பேசறது இன்னொண்ணுக்குப் புரியுமுங்களா?”

பின்னால் போன வண்டி

புரியவில்லை. இடம் பற்றாததால் பின் அச்சை நாங்கள் தலைகீழாகத் திருப்பி மாட்டியிருந்தோம். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் அழகாகக் கிளம்பியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. முதல் கியரைப் போட்டு மெதுவாகக் கிளட்ச்சை விட்டேன். வண்டி நிதானமாகப் பின்னால் போய், ஒர்க்‌ஷாப் தகரச் சுவரில் சாய்ந்து நின்றது. ரிவர்ஸ் போட்டால் முன்னால் வந்தது.

திருப்பி மாட்டிய அச்சு சக்கரத்தையும் திருப்பிச் சுற்றுகிறது என்பது உறைக்கவே நேரமானது. மொத்தத்தையும் கழற்றவேண்டும். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். செல்வராசு மட்டும் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு யோசித்தான். “அண்ணா, அப்படியே விட்டா என்னங்கண்ணா? முன்னால போக ஒரு கியர் போதும். பயந்து ஓடியாரத்தான் நாலு வேணும்.”

சரிவில் ஒரு நாள்

கிளியூர்ப் பக்கம் தெரிந்தவர் எஸ்டேட்டில், மாரமங்கலத்துப் பாதை மாதிரியே ஒரு சரிவு இருந்தது. மொத்தத்தையும் கழற்றி அச்சைச் சரியாக மாட்டிய பிறகு, மணல் மூட்டைகளை ஏற்றி அங்கே ஓட்டிப் பார்த்தேன். பழனியம்மாளும் பார்க்க வந்திருந்தார். பாதி இறக்கத்தில் ஓர் ஓடை குறுக்கே வந்தது. ஓடையைத் தாண்டியதும் நனைந்த பிரேக் பிடிக்கவில்லை. மிதித்த கால் அடிவரை போனது, வண்டி நிற்காமல் போனது. ஸ்டியரிங்கை மேட்டுப் பக்கம் ஒடித்தேன். வண்டி பள்ளத்துப் பக்கம் சறுக்கிக்கொண்டே போய் ஒரு சில்வர் ஓக் மரத்தில் பக்கவாட்டில் சாய்ந்து நின்றது. அந்த மரம் இல்லாவிட்டால் பள்ளம்தான்.

இறங்கி, மரத்துக்கு அப்பால் பள்ளத்தை எட்டிப் பார்த்தேன். பஸ் சீட்டில் ரங்கசாமி உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பை ஒதுக்க முடியவில்லை. “இதோட விட்டுரலாமுங்கம்மா, என்னால ஆகாது” என்று சொல்லிவிட்டேன். பழனியம்மாள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். சாய்ந்திருந்த சீட்டைக் கையால் தட்டிப் பார்த்தார். “விழுகலீங்களே, சாஞ்சுதானுங்க நிக்குது. எங்கூட்டுக்காரரு எந்திரிச்சு நின்னப்பவும் மொதல்ல இப்படித்தானுங்க சாஞ்சு நின்னாரு.”

போலீஸ்காரர்

பிரேக்கை மாற்றினோம். தண்ணீர் புகாதபடி மூடிய வகையைப் போட்டோம். அது போதாதென்று, தனியாக ஒரு கை பிரேக்கும் வைத்தோம். பஸ் சீட்டுக்கு இடுப்புப் பெல்ட் போட்டோம். ரோட்டில் ஓட்டக்கூடாத வண்டி என்பதால் பிக்கப்பில் ஏற்றி மாரமங்கலத்துக்குக் கொண்டுபோனோம்.

வழியில் ஒரு போலீஸ்காரர் கைகாட்டினார். பிக்கப்பின் பேப்பர்களைப் பார்த்துவிட்டு, மேலே இருந்ததை டார்ச் அடித்துப் பார்ப்பதுபோல் குனிந்து குனிந்து பார்த்தார். எது எதிலிருந்து வந்தது என்று நான் பணிவாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசியில் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “ஏப்பா, இதுக்கு நான் ஆர்.சி. புக் கேக்கறதா, போஸ்ட்மார்ட்டம் சர்டிபிகேட் கேக்கறதா?”

பள்ளத்துக்குள்

ரங்கசாமியை நாங்கள் தூக்க அவர் விடவில்லை. கம்பை ஊன்றி, வலியோடு தானே ஏறி உட்கார்ந்தார். பெல்ட்டை நான் மாட்டினேன். செல்வராசு வண்டியின் பின்னால் கட்டிய கயிற்றை இழுத்துப் பிடித்தபடி வந்தான், பழனியம்மாள் முன்னால் நடந்தார். விழுந்த இடம் வந்தபோது ரங்கசாமி என் தோளைப் பிடித்துக்கொண்டார். தாண்டிய பிறகும் கையை எடுக்கவில்லை. நான் முதல் கியரிலேயே ஊர்ந்தேன்.

காப்பிச் செடிகளுக்கு நடுவில் நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். பழம் சிவந்திருந்தது. அவர் எட்டி ஒன்றைப் பறித்து நசுக்கிப் பார்த்தார். அண்ணாந்து மரங்களைப் பார்த்தார். “நெழலு சாஸ்தியாப் போச்சு. கெளையக் கழிக்கோணும்” என்றார். பழனியம்மாள் அவரைப் பார்க்காமலே, “விக்கறவருக்கு நெழலப் பத்தி என்னங்க கவலை?” என்று கேட்டார். அவர் கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்: “ஏனுங்க மெக்கானிக், இந்த வண்டிக்கு மேல ஏறத் தெரியுமுங்களா? தெரியாட்டியும் பரவால்லீங்க, நான் இங்கயே இருந்துக்கறேன்.”

வண்டி ஏறியது, தோட்டம் இன்றும் அவர்களிடம்தான் இருக்கிறது. எந்தக் கம்பெனியும் செய்யாத வண்டியைச் செய்துகொடுத்ததற்கு எனக்குக் கிடைத்த பலன், அதை ரிப்பேர் பார்க்க உலகத்தில் என்னைத் தவிர வேறு ஆள் இல்லாமல் போனதுதான்.