மாதா காலடியில கெடந்த என் கரித்துணி

மாதா காலுக்கடியில விரிச்ச துணிய உருவுன பாவின்னு எனக்கு எங்க தெருவுல ஒரு பேரு உண்டு. உருவுனேன், ஆமா. இல்லன்னா சொல்லுதேன்?

அப்போதான் புது ஹார்பர் வந்த சமயம். எங்க வீட்டுக்காரவுக அங்கன லோடு ஏத்துத வேலைக்குப் போனாவ. வீட்டுல ஒம்போது பேரு. காலையில ஒரு பானை சோறு, மத்தியானம் ஒரு பானை. கொதிக்கிற பானையத் தூக்கிச் சாய்ச்சுக் கஞ்சி வடிக்கது என் வேல. மாமியாளுக்குக் கை வலி. எனக்கு மட்டும் அந்த வலி வராதுன்னு எந்த டாக்டரு சொன்னாரோ தெரியல.

முன்னயெல்லாம் கிழிஞ்ச வேட்டிதான் கரித்துணி. குத்தம் சொல்ல முடியாது. பெறவு ஊரே நைலக்ஸ் சேலை கட்டுச்சு. கிழிஞ்ச நைலக்ஸு அடுப்படிக்கு வந்துச்சு. சவம், அது தண்ணியக் குடிக்காது. சட்டியத் துடைச்சா இந்தப் பக்கத்துத் தண்ணி அந்தப் பக்கம் போவும், அவ்வளவுதான். சூடா இருக்கத பிடிச்சா உருகிக் கையில ஒட்டிக்கிடும்.

ஒருநாள் பானை வழுக்கிட்டு. கஞ்சி பூரா என் எடது கையில. மணிக்கட்டுலருந்து முழங்கை வரைக்கும் தோலு உரிஞ்சு போச்சு. சத்தங் கேட்டு மாமியா ஓடி வந்தாவ.

"ஏளா, சோத்தக் கொட்டிட்டியா?"

"சோறு நல்லா இருக்கு அத்த. நாந்தான் வெந்துட்டேன்."

புண்ணு ஆற முன்ன ஒரு முடிவு பண்ணிட்டேன். இனி நைலக்ஸத் தொட மாட்டேன். எனக்குன்னு பருத்தியில ஒரு கரித்துணி பின்னணும்.

பின்ன எனக்குத் தெரியும். மூணாங்கிளாஸு வரைக்கும் கன்னியாஸ்திரி மடத்துல படிச்சேன். எழுத்து ஏறல, கம்பி ஏறிச்சு. தூத்துக்குடி வெயில்ல எங்களுக்கு ஸ்வெட்டர் பின்னக் கத்துக் குடுத்தாவ, மவராசிங்க. ஒடஞ்ச குடையிலருந்து ரெண்டு கம்பிய உருவி அம்மியில தேச்சு மொனைய மழுக்குனேன். மில்லுக் கழிவு நூலு பஜார்ல கிடைக்கும். மூணு இழையச் சேத்துக்கிட்டேன். நாப்பது கண்ணி, போற வரியும் வார வரியும் ஒரே பின்னல். ரெண்டு பக்கமும் முண்டு முண்டா, மொத்தமா வரும். சூடு கைக்கு வராது, சட்டியில ஒட்டுனதயும் தேச்சு எடுக்கும்.

மொதத் துணிய முடிச்சு வச்சேன். மறுநாள் பாக்கேன், ரேடியோ மேல கெடக்கு.

"என்ன அத்த இது?"

"நல்லா வெள்ள வெளேர்னு இருக்குல்லா. கரியில போடவா கை நோவப் பின்னுன? கோட்டிக்காரி."

ரெண்டாவது பின்னுனேன். அது தண்ணிப் பானைக்கு மூடியாப் போச்சு. "ஒரு துணிக்கா ரெண்டு பேரும் இந்தப் பாடு படுதிய?"ன்னு எங்க வீட்டுக்காரவுக கேட்டாவ. "நீங்க ஒருநாள் பானைய எறக்கிப் பாருங்க"ன்னேன். அன்னைக்கு அவுகளுக்கு ஹார்பர்ல சீக்கிரமே வேல இருந்துச்சு.

மூணாவத முடிச்ச கையோட கரி பட வச்சிட்டேன். ஒரு வாரம் அதுலதான் எல்லாம். சோத்துப் பானை, சாள மீன் குழம்புச் சட்டி, எல்லாத்தையும் அதுல பிடிச்சுத்தான் எறக்குனேன். கைக்கு ஒண்ணும் ஆவல. ஆனா நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். நல்லாத் தொவச்சுப்புட்டேன். சோடாவப் போட்டு அடுப்புல அவிச்சு, ரெண்டு தண்ணியில அலசி, வெயில்ல காயப் போட்டேன். கஞ்சி போடல, கஞ்சி போட்டா தண்ணிய உறிஞ்சாது. ஈரமாவும் வைக்கப்படாது, ஈரத்துணியில சூடு பிடிச்சா கை வெந்துரும். அதனால மொறமொறன்னு காயட்டும்னு விட்டுட்டேன். மல்லியப்பூக் கணக்கா வெளுத்துப் போச்சு.

அது செபமாலை மாசம். மாதா சுரூபம் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டுக்கு வரும். சாயங்காலம் வந்தா மறுநாள் சாயங்காலம் அடுத்த வீட்டுக்குப் போயிரும். அன்னைக்கு எங்க வீட்டு மொற. நான் மீன் வாங்கிட்டுத் திரும்பி வந்தா, மேசையில மாதா நிக்கா. காலுக்கடியில என் கரித்துணி!

"எம் மருமவ மாதாவுக்குன்னே பின்னுனா"ன்னு எல்லாத்துக்கிட்டயும் பெரும பேசுதாவ மாமியா. பொம்பளைங்க வரிசையா வந்து துணியத் தொட்டு வாயில வச்சு முத்துதாவ. நான் மீனோட அடுப்படிக்குப் போயிட்டேன். மறுநாள் எடுத்துக்கிடலாம்னு இருந்தா, மாதாவோட துணியும் அடுத்த வீட்டுக்குப் போயிட்டு.

"அத்த, என் துணி?"

"மாதாவுக்குக் குடுத்தது. திருப்பிக் கேக்கப்படாது."

மறுநாள் காலையில பழையபடி நைலக்ஸு. பானைய ஒரு சாண் தூக்குனேன், வழுக்குச்சு. கீழ வச்சிட்டேன். கஞ்சி வடிக்காமலே விட்டேன். ஒம்போது பேருக்கும் அன்னைக்குக் குழைஞ்ச சோறுதான்.

சாயங்காலம், மாதா அடுத்த வீட்டுக்குக் கெளம்பு முன்ன, அந்த வீட்டுக்குப் போனேன். செபத்த நடுவுல நிறுத்தப்படாதுல்லா, பிரார்த்தன முடியுற வரைக்கும் முட்டிக்கால் போட்டு இருந்தேன். முடிஞ்சதும் எழுந்திரிச்சுப் போயி மாதாவ ரெண்டு கையிலயும் தூக்கி வெறும் மேசையில பைய வச்சேன். துணிய எடுத்து உதறி இடுப்புல சொருவுனேன்.

"ஏளா! கோட்டி புடிச்சிட்டா?"ன்னு அந்த வீட்டுக்கார அக்கா எந்திச்சிட்டா.

"இது என் கரித்துணிக்கா. இதுலதான் ஒரு வாரமா சாளக் குழம்பு எறக்குனேன்."

முத்துன ஒருத்தி முந்தானையால வாயத் தொடச்சா. "அதான் மணத்துச்சா!"ன்னு பின்னாலருந்து ஒருத்தி சொல்ல, ஒரே சிரிப்பு. செபத்துக்கு வந்திருந்த மாமியா மட்டும் சிரிக்கல.

"மாதாவுக்குக் குடுத்தத எடுக்கியே, நீ வெளங்குவியா?"

"குடுத்தது நீங்க அத்த, பின்னுனது நான். மாதாவும் புள்ளைக்குப் பொங்கிப் போட்டவதான? அவ கையிலயும் சூடு பட்டிருக்கும். நான் அவகிட்ட பேசிக்கிடுதேன்." கைய நீட்டி வெந்த தழும்பக் காட்டுனேன். துணியோட வீட்டுக்கு வந்துட்டேன்.

மாமியா மூணு நாள் எங்கிட்ட பேசல. மூணு நாளும் வீடு நல்லா இருந்துச்சு.

மறுவருசம் எங்க மொற வந்தப்ப, மாமியா வீம்புக்குன்னே புது நைலக்ஸு ஒண்ண மேசையில விரிச்சாவ. செபம் பாதியில மாதா வழுக்க ஆரம்பிச்சா. மாமியா என்னப் பாத்தாவ. எங்கடி அந்தத் துணின்னு கண்ணு கேக்குது.

'கொடியில காயுது அத்த'ன்னு அந்தப் பக்கமாத் தலைய ஆட்டிட்டு, செபம் முடியுற வரைக்கும் மாதாவக் கையிலயே பிடிச்சுக்கிட்டு நின்னேன். துணியக் குடுக்கல.